கடிக்கும் கிளியும் நீட்டிய கையும்

பறவைகளின் அலகுச் செயலைக் குறிக்கத் தமிழ்ப் பேச்சுவழக்கு ஆளும் சொற்களில் நுட்பமான வேறுபாடொன்று உண்டு. காகம் கொத்தும், கோழி கொத்தும், மரங்கொத்திக்கு அச்செயலே பெயராயிற்று. கிளியோ கடிக்கும். நாய்க்கும் பாம்புக்கும் உரிய வினைச்சொல்லைக் கிளிக்கும் வழங்கிய வழக்கு, உடலமைப்பை நோக்குமிடத்துப் பொருத்தமானதே. கிளியின் மேலலகு மண்டையோட்டுடன் அசைவின்றி ஒட்டியிருப்பதன்று. தனித்து அசையக்கூடிய மூட்டினால் இணைக்கப்பட்டது. கீழலகு அதற்கு எதிர்நின்று நெரிக்கும். விதையின் ஓட்டைப் பிளப்பதும், கிளைவிட்டுக் கிளை ஏறும்பொழுது மூன்றாவது காலாக உதவுவதும், துணையின் இறகைக் கோதுவதும், புதிய பொருளைத் தொட்டறிவதும் இந்த ஓருறுப்பே. அதன் நுனியில் தொடுவுணர்ச்சிக்குரிய நரம்புமுனைகள் செறிந்துள்ளன. மனிதர் கைகொண்டு செய்வன பலவற்றைக் கிளி அலகுகொண்டு செய்கின்றது. ஆதலின், கிளி விரலை அலகாற் பற்றுந்தோறும் அது கடித்துவிட்டதெனக் கூறுதல், ஒருவன் கைநீட்டுந்தோறும் அடிக்க வந்தானெனக் கூறுதலை ஒக்கும்.

ஆயினும் கிளி உண்மையாகவே கடிப்பதும் உண்டு. குருதி வருமளவிற்குக் கடிக்கும். அவ்வேளையில் வளர்ப்போன் செய்யத்தக்கது யாது என்பது வெறும் பறவை வளர்ப்பு நுட்பம் பற்றிய வினாவாகவே முதலில் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், தன் ஆளுகைக்கு உட்பட்ட உயிரொன்று 'வேண்டாம்' என்று கூறும்பொழுது அதனை எவ்வாறு கேட்பது என்னும் ஒழுக்க வினா அதனுள் அடங்கியிருத்தல் புலனாகும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைக் கடலைக் கடந்து வேலணைத் தீவினுள் நுழைவோர் முதலிற் காணும் ஊர்களுள் அல்லைப்பிட்டியும் ஒன்று. கடலும் பனையும் சூழ்ந்த ஊர். பனை மிக்க இடங்களிற் கிளிக்குப் பஞ்சமிராது. ஆண்பறவையின் கழுத்திற் செவ்வளையம் விழும் நாட்டுக்கிளி, வட்டு முறிந்து பட்டுப்போன மொட்டைப்பனையின் பொந்தை விரும்பி உறையும். அப்பொந்தினுட் கைவிட்டு, இறகு முளைக்குமுன் குஞ்சை எடுத்துவந்து வீட்டில் வளர்ப்பது தீவகத்தில் மட்டுமன்றி யாழ்ப்பாணக் குடாநாடெங்கும் இருந்துவந்த வழக்கம். குழைத்த சோறும் வாழைப்பழமும் ஊட்டி வளர்ப்பர். வளர்ந்தபின் கொவ்வைப்பழமும் மிளகாயும் கொடுப்பர். பறக்கும் பருவம் வந்ததும் கத்தரிக்கோல் கொண்டு 'செட்டை வெட்டுவர்'. பின்னர் அது பெயர்சொல்லி அழைக்கும், சீட்டியடிக்கும், வருவோரை வரவேற்கும். எல்லாம் நன்றாகவே நிகழும், ஒருநாள் அது வீட்டுப் பிள்ளையின் விரலைக் கடிக்கும்வரை.

கடிபட்டதும் எழும் முதற்சொல் பெரும்பாலும் நோவைப் பற்றியதன்று, நன்றிகேட்டைப் பற்றியது. 'சோறு தீத்தின கையையே கடிச்சுப்போட்டுது' என்பர். இங்கு 'கையையே' என்பதிலுள்ள ஏகாரத்திலேயே வழக்கு முழுவதும் அடங்கியுள்ளது. குறளாசிரியர் செய்ந்நன்றியறிதலுக்குத் தனி அதிகாரம் வகுத்த மரபில் வந்தோர் நன்றிகேட்டைப் பெருங்குற்றமாகக் கருதுவது இயல்பே. ஆனால் நன்றிக்கடன் என்பது எப்பொழுது தோன்றுகின்றது என்பதை நின்று சிந்தித்தல் வேண்டும். பெறுவோன் விரும்பிப் பெற்ற உதவி, அல்லது மறுத்திருக்கக்கூடிய நிலையிலும் மறாது ஏற்ற உதவி, நன்றியைத் தோற்றுவிக்கும். பொந்திலிருந்து எடுக்கப்பட்ட குஞ்சுக்குச் சோறூட்டுதல், அதன் தாயும் தந்தையும் செய்துகொண்டிருந்த வேலையை இடைமறித்துத் தாம் ஏற்றுக்கொண்டதாகும். பறித்தவன் பறித்ததற்கு ஈடாகக் கொடுப்பதைக் கொடையென்று கணக்கெழுதுதல் முறையாகாது. கிளிக்கு ஊட்டிய அன்பு பொய்யென்பது இதன் பொருளன்று. அவ்வன்பு மெய்யாகவே இருக்கலாம். பெரும்பாலும் மெய்யாகவே இருக்கின்றது. அதனை வைத்துக் கிளியைக் கடனாளியாக்க இயலாது என்பதே கூறத்தக்கது.

இனிக் கடி எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்குதல் தகும். காட்டில் வாழும் கிளிகள் தம்முட் பூசலிடினும் ஒன்றையொன்று காயப்படுத்துமளவிற்குக் கடித்தல் அரிது. அதற்குக் காரணம் சாந்தகுணம் என்பதைவிடச் சிறகு என்பதே பொருந்தும். விரும்பாத ஒன்று நெருங்கும்பொழுது பறவை முதலில் உடலாற் பேசுகின்றது: இறகுகளை உடலோடு ஒட்டி இறுக்குகின்றது, கழுத்தை நீட்டுகின்றது, உடலைப் பின்சாய்க்கின்றது, கண்மணியைச் சுருக்கியும் விரித்தும் காட்டுகின்றது, அலகைத் திறந்து நிற்கின்றது. எதிர்ப்பறவை அதனை உணர்ந்து விலகுகின்றது. விலகாவிடிற் பறந்துபோகின்றது. பூசல் அவ்வளவிலேயே முடிந்துவிடும்.

வீட்டுக்கிளிக்கு இவ்வொழுங்கு இருவழியாலும் உடைக்கப்பட்டுவிட்டது. செட்டை வெட்டியதாற் பறந்துபோதல் இல்லை. கூட்டின் கம்பிகளுக்குள் நகர்ந்துபோதலும் ஓரடி இரண்டடிக்கு மேலில்லை. மற்றையது, மனிதக்கை கிளியின் உடல்மொழியை அறியாதது. கிளி பின்சாய்ந்தால் கை மேலும் முன்னே வருகின்றது. இறகை இறுக்கினால் 'பயப்படாதே' என்று கூறிக்கொண்டே வருகின்றது. மெல்லச் சொன்ன மறுப்புகள் யாவும் கேட்கப்படாமற்போன பின்னர் எஞ்சியிருப்பது அலகு ஒன்றே. அதனைப் பயன்படுத்தியவுடன் கை சட்டெனப் பின்வாங்குகின்றது. அன்றைக்குக் கிளி கற்றுக்கொள்ளும் பாடம் தெளிவானது: இந்த வீட்டில் இந்த ஒரு சொல் மட்டுமே கேட்கப்படுகின்றது. மறுநாள் அது பின்சாய்வதில்லை, இறகை இறுக்குவதில்லை, நேரடியாகக் கடிக்கின்றது. வீட்டார் 'எச்சரிக்கையின்றிக் கடிக்கும் கிளி' என அதற்குப் பெயரிடுகின்றனர். எச்சரிக்கை பயனற்றதென்று அதற்குக் கற்பித்தவர் தாமே என்பது அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

இதற்குக் கூறப்படும் பரிகாரங்கள் பல. அலகிற் சுண்டுதல், முகத்தில் நீர் தெளித்தல், கூட்டைத் துணியால் மூடி இருளில் வைத்தல், தடித்த கையுறை அணிந்து அடங்கும்வரை பிடித்திருத்தல் என்பன அவற்றுட் சில. சற்றே நாகரிகமான அறிவுரையொன்றும் உண்டு. கடித்தாலும் கையை எடுக்கலாகாது, எடுத்தால் அது வென்றதாகிவிடும், ஆதலாற் பொறுத்துக்கொள்க என்பது அது. பொறையை அறமெனப் போற்றும் மரபில் இவ்வறிவுரை எளிதில் ஒப்புக்கொள்ளப்படும். எனினும் இங்குப் பொறுப்பவன் யாருக்காகப் பொறுக்கின்றான்? புறாவின் பொருட்டுத் தன் தசையை அரிந்து துலாத்தில் இட்ட சிபியின் கதையைச் சோழர் தம் குலப்பெருமையாகக் கொண்டனர். அங்குத் தசை அடைக்கலம் புகுந்த பறவையைக் காக்கக் கொடுக்கப்பட்டது. இங்கு விரல் கொடுக்கப்படுவது கிளியின் மறுப்பு செல்லாதென்று நிறுவுவதற்காக. இரண்டிலும் குருதி சிந்தலாம், செயல் ஒன்றன்று.

தண்டனையாலும் பிடிவாதத்தாலும் கடியை நிறுத்த முடியாதா என்றால், பல வேளைகளில் முடியும். சிக்கல் அங்கேதான் உள்ளது. 1967 இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மையர் ஆகியோர் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகள் உளவியல் பயில்வோர் அறிந்தவையே. தப்பவோ நிறுத்தவோ முடியாத மின்னதிர்ச்சிக்கு உட்படுத்தப்பட்ட நாய்களைப் பின்னர்த் தாழ்ந்த தடுப்பொன்றைத் தாண்டினால் தப்பிக்கக்கூடிய இடத்தில் விட்டபொழுது, அவற்றுட் பெரும்பாலானவை தாண்ட முயலவில்லை. படுத்தபடியே அதிர்ச்சியை ஏற்றன. இதனைக் 'கற்றுக்கொண்ட இயலாமை' என அவர்கள் அழைத்தனர். சோதனை கொடியது, அறிவியல் நோக்கிற்காகவேனும் அத்தகையன செய்யத்தக்கனவா என்பது தனியே ஆராய்தற்குரியது. எனினும், ஏறத்தாழ அரை நூற்றாண்டின் பின், 2016 இல், அவ்விருவருமே மூளையாய்வின் துணைகொண்டு தம் கொள்கையைத் திருத்தியமை கவனிக்கத்தக்கது. நெடுந்துன்பத்தின் முன் உயிர் செயலற்றுப்போதல் கற்பிக்கப்படுவதன்று, அதுவே இயல்பான நிலை. தன் செயலாற் சூழலை மாற்றலாம் என்னும் உணர்வே கற்றுக்கொள்ளப்படுவது என அவர்கள் முடிபு கூறினர்.

இம்முடிபைக் கிளிக்கூட்டின் முன் நின்று எண்ணிப்பார்த்தல் வேண்டும். கையுறையுட் சிக்கி, போராடி, களைத்து, ஈற்றில் அசையாதிருக்கும் கிளியைக் கண்டு 'பழகிவிட்டது' என்பர். பழகிய கிளியும் கடிக்காது. கைவிட்ட கிளியும் கடிக்காது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. கடியாமை ஒன்றையே குறிக்கோளாகக் கொண்டவன் இவ்விரண்டுக்குமிடையே வேறுபாடு காணும் வழியைத் தானே அடைத்துவிடுகின்றான். மறுக்க முடியாத உயிரின் இசைவு இசைவாகுமா? கடிக்க முடிந்தும் கடியாத கிளியின் அமைதிக்கே பொருளுண்டு. கடியையே மறந்துவிட்ட கிளியின் அமைதி எதற்கும் சான்றாகாது.

தமிழ்நாட்டுத் தெருவோரங்களிற் கிளிச்சோதிடர் கூட்டைத் திறந்ததும் கிளி வெளியே வந்து, ஏட்டை எடுத்துக் கொடுத்து, ஒரு நெல்மணி பெற்றுத் தானாகவே கூட்டினுட் புகும் காட்சி நெடுங்காலம் பலரும் கண்டு வியந்ததாகும். தானாகவே புகுகின்றதே, அதற்குக் கூடு விருப்பமன்றோ என்பர். வெட்டிய சிறகுடன் தெருவில் நிற்கும் கிளிக்குக் கூட்டைவிட வேறு போக்கிடம் எது? ஒரே கதவுள்ள அறையில் அக்கதவைத் 'தெரிந்தெடுத்தான்' என்பதுபோலும் கூற்று அது. இந்தியாவில் 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நாட்டுக்கிளியைப் பிடித்தலும் விற்றலும் கூட்டில் வைத்திருத்தலும் குற்றமாதலின், அக்காட்சி இப்பொழுது அருகிவருகின்றது.

கிளியின் செயலுக்கு 'மறுப்பு', 'இசைவு' எனப் பெயரிடுதல் மனிதப் பண்பைப் பறவைமேல் ஏற்றுவதாகும் என்னும் தடையொன்று எழலாம். தமிழ் பயின்றோர்க்கு இத்தடைக்கு விடைகூறும் பழஞ்சான்றொன்று உண்டு. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்து, மக்களுக்கு ஆறறிவும் விலங்குக்கு ஐயறிவும் உரியன என்கின்றது. அங்ஙனம் கூறியபின், விலங்குகளுள்ளும் ஒருசாரன ஆறாவது அறிவுடையன என்னும் கருத்தும் அங்கு இடம்பெறுகின்றது. அவை யாவை என்பதற்கு உரைமரபு காட்டும் உயிர்கள் கிளியும் குரங்கும் யானையும். உரைகாரர் கிளியை எதனால் அவ்வரிசையிற் சேர்த்தனர் என்பது ஆராயத்தக்கது. அதன் பேச்சே காரணமாயின், அவர்கள் வியந்த அளவிற்கும் அப்பாற் சென்ற கிளியொன்று அண்மைக்காலத்தில் வாழ்ந்தது. ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1977 இற் கடையொன்றில் வாங்கி, 2007 இல் அது இறக்கும்வரை முப்பதாண்டுகள் பயிற்றிய அலெக்ஸ் என்னும் ஆபிரிக்கச் சாம்பற்கிளி, நிறத்தையும் வடிவத்தையும் பொருளையும் பிரித்துணர்ந்து ஆங்கிலச் சொற்களாற் கூறியது. அது கற்றவற்றுள் எண்ணையும் நிறத்தையும் பலர் வியந்தனர். அது 'இல்லை' என்று மறுக்கவும், பயிற்சியிற் சலிப்புற்றபொழுது திரும்பிப் போகவேண்டும் எனக் கேட்கவும் கற்றிருந்தது என்பதே இங்கு நோக்கத்தக்கது. சொல் கிடைத்த இடத்திற் கிளி சொல்லால் மறுத்தது.

அலெக்ஸ் விதிவிலக்கானது, அல்லைப்பிட்டிக் கிளிக்கு அத்தகைய ஆசிரியர் வாய்க்கப்போவதில்லை எனலாம். உண்மையே. ஆயினும் ஆசிரியர் தேவைப்படுவது கிளிக்கன்று. அதன் உடல்மொழி முன்னரே முழுமையானது. படிக்க வேண்டியது மனிதக்கை. கிளிகளின் நடத்தை பற்றி எழுதிவரும் சூசன் பிரீட்மன் என்னும் உளவியலாளரும் இதனையே வற்புறுத்துவார். பறவையின் மனத்துள் என்ன உள்ளதென ஊகிப்பதை விடுத்து, எச்செயலுக்கு முன் என்ன நிகழ்ந்தது, பின் என்ன நிகழ்ந்தது என்பதைக் காண்க. பறவைக்குத் தன் சூழல்மீது ஓரளவேனும் ஆட்சி இருக்கும்படி ஒழுங்குசெய்க என்பது அவர் நெறியின் சாரம். மனிதப்பண்பை ஏற்றுதல் என்னும் குற்றச்சாட்டு இந்நெறிக்குப் பொருந்தாது. மாறாக, 'நன்றி கெட்டது', 'பழிவாங்குகின்றது', 'பொறாமை கொண்டது' என்று கடித்த கிளியை ஏசுவோரே மனிதப்பண்பைத் தாராளமாக ஏற்றுகின்றனர்.

வலுவான தடை வேறொன்று உண்டு. மறுப்பை எப்பொழுதும் மதித்தல் இயலுமா? நகம் வளர்ந்து கம்பியிற் சிக்குகின்றது. நோயுற்ற பறவைக்கு மருந்து புகட்டவேண்டியுள்ளது. பூனை முற்றத்தில் நிற்கப் பறவை வெளியே இருக்கின்றது. அவ்வேளைகளிற் கிளியின் இசைவுக்குக் காத்திருப்பவன் அதனைக் கொல்பவனாவான். குழந்தையின் மூக்கைப் பிடித்துக் கசாயம் பருக்கிய தாயரை யாரும் குற்றங்கூறுவதில்லை. ஆகவே எல்லா மறுப்புக்கும் இணங்குதல் கடமையாகாது. எல்லா மறுப்பையும் கேட்டல் கடமை. மீறவேண்டி நேரின் தக்க காரணத்தோடும் குறைந்த அளவிலும் மீறுதல் கடமை. பிடிக்கவேண்டியபோது மெல்லிய துவாயாற் போர்த்திப் பிடித்தல் மிருகவைத்தியர் கையாளும் முறை. அங்கும் ஒன்றை மறத்தலாகாது. பறவைக்குப் பாலூட்டிகளுக்குள்ளதுபோன்ற உதரவிதானம் இல்லை. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதனாலேயே அது மூச்சுவிடுகின்றது. கடிக்கு அஞ்சி உடலை இறுகப் பற்றினால், கடி நிற்பதோடு மூச்சும் நின்றுவிடும். தலையை அசையாது தாங்கி மார்பை நெருக்காது விடவேண்டும். அன்றாடம் கையில் ஏற்றிக் கொஞ்சுதலும் விருந்தினர்க்குக் காட்டுதலும் இவ்வகைத் தேவைகளுட் சேரா. அவை வளர்ப்போனின் மகிழ்ச்சிக்கு உரியவை. அவற்றிற்காகக் கிளியின் மறுப்பை மீறுதற்கு எந்நியாயமும் இல்லை.

விலங்குகளிடம் கொடுமை காட்டுவோன் மனிதரிடமும் கடுமையுடையவனாவான், ஆதலின் விலங்குகளிடம் இரக்கம் பழகவேண்டும் என்று காண்ட் கூறினார். விலங்குக்கான கடமை அவர் கருத்தில் மனிதருக்கான கடமையின் நிழலே. கிளியைப் பொறுத்தவரை இவ்விளக்கம் போதாதெனத் தோன்றுகின்றது. கிளியின் மறுப்பைக் கேட்டுப் பழகிய பிள்ளை நாளை மனிதரின் மறுப்பையும் கேட்கும் என்பது நல்ல பயன்தான். ஆனால் அப்பயன் விளையாது போனாலும், அஞ்சிய கிளியின் முன் நீளும் கை நிற்கத்தான் வேண்டும். அச்சம் கிளியினுடையது.

அங்ஙனமாயிற் கிளியை வளர்த்தலே தவறன்றோ என்பது இயல்பாக எழும் வினா. பொந்திலிருந்து குஞ்சு எடுத்தல் தவறு என்பதில் ஐயமில்லை. ஆனால் எடுத்து, வளர்த்து, செட்டை வெட்டிய கிளிக்கு அவ்விடை உதவாது. 'திறந்து விட்டுவிடுக' என்பது கேட்க இனிமையானது; மேடையிற் கைதட்டல் பெறுவது. தீவக மக்கள் இவ்வினாவைக் கற்பனையாகச் சந்திக்கவேண்டியவர்கள் அல்லர். 1990 ஓகஸ்டில் இராணுவ நடவடிக்கையின்பொழுது தீவக மக்கள் பெருந்தொகையாக ஊர்விட்டு நீங்கினர். அல்லைப்பிட்டி மக்கள் 2006 இல் மீண்டும் இடம்பெயர நேர்ந்தது. கொல்லப்பட்டோரும் காணாமற்போனோரும் உள்ள ஊரில் கிளியைப் பற்றிப் பேசுதல் சிறுமையெனச் சிலர்க்குத் தோன்றலாம். மக்கள் பட்ட துயருக்குக் கூட்டுக்கிளியை உவமையாக்குதல் எவ்வாற்றானும் தகாது. அது இருவர்க்கும் செய்யும் அநீதி. எனினும் ஓடவேண்டிய வேளையில் மனிதரோடு ஆடும் மாடும் நாயும் கூட்டுப்பறவையும் இருக்கின்றன. அவ்வேளையிற் கூட்டை என்செய்வது?

மூடிவிட்டுப் போனால் நீரின்றி இறக்கும். திறந்துவிட்டுப் போனால், வெட்டிய இறகு உடனே வளர்வதில்லை. நகம்போல் அது நீள்வதன்று. பழைய இறகு உதிர்ந்து புதியது முளைக்கும் பருவம் வரும்வரை வெட்டுண்ட அடியே எஞ்சியிருக்கும். முழுச்சிறகும் மீள ஆண்டொன்றும் செல்லலாம். அதுவரை அது நிலத்தில் நடக்கும் பறவை. கிளியை வளர்த்துப் பூனை கையிற் கொடுத்ததாகப் பேசும் பழமொழி பெண்ணைப் பெற்றோர் ஏமாறுதற்கே பெரும்பாலும் வழங்கும். இங்கு அது சொல்லுக்குச் சொல் மெய்யாகின்றது. விடுதலை கதவில் இல்லை, சிறகில் இருந்தது. கத்தரிக்கோல் பட்ட அன்றே அது போய்விட்டது. சிறகு வளர்ந்தபின்னும், கையாலூட்டி வளர்த்த குஞ்சு இரைதேடவும் பருந்துக்கு ஒளியவும் தன்னினத்தோடு சேரவும் கற்றதன்று. சார்ந்து வாழும்படி ஆக்கியவனுக்கே அச்சார்பைத் தாங்கும் பொறுப்பும் உண்டு. கூட்டிற் கிளி இருபது இருபத்தைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. ஒரு பிற்பகல் விளையாட்டாகப் பனையேறி எடுத்த முடிவு, எடுத்தவன் மணமுடித்துப் பிள்ளைபெற்ற பின்னும் முற்றத்திற் கூவிக்கொண்டிருக்கும்.

அத்தகைய கிளியோடு வாழ்தற்குரிய வழி எளிதானது, ஆனால் நெடியது. செட்டையை மீண்டும் வெட்டாது விடுதல் அதன் தொடக்கம். பறக்கவல்ல கிளி கடிக்கவேண்டிய தேவை குறைந்தது. அடைத்த அறையினுள்ளேனும் அது பறந்து, வேண்டாதபோது அலுமாரியின் உச்சியில் அமர இடமிருத்தல் வேண்டும். கூட்டினுட் கைவிட்டு எடுத்தலைத் தவிர்த்து, கதவைத் திறந்து அதுவே வெளிவருமாறு விடுதல் வேண்டும். கூடு அதன் பொந்து, அங்குக் கை புகுதல் முன்னொருகால் நிகழ்ந்த நிகழ்ச்சியின் மறுபதிப்பு. இனப்பெருக்கப் பருவத்தில் முன்பு இணங்கிய கிளியும் இணங்காது. அதனைக் குணக்கேடென்று கொள்ளாது சில மாதங்கள் விலகியிருத்தல் நன்று.

எஞ்சியது பொறுமை. கையில் ஒரு கொவ்வைப்பழத் துண்டுடன் வளர்ப்போன் எட்ட அமர்கின்றான். கை மெல்ல நீள்கின்றது. கிளியின் இறகுகள் உடலோடு ஒட்டும் அவ்விடத்தில் நிற்கின்றது. அது அலகைத் திறக்குமுன்னரே பின்வாங்குகின்றது. கடித்தால் மட்டும் விலகிய கை, சாய்ந்தாலே விலகும் கையாகின்றது. மறுநாள் அவ்விடத்திற்கு ஓரங்குலம் அப்பால் நிற்கின்றது. பல நாட்களில் எதுவும் நிகழ்வதில்லை. ஒருநாள் கிளி கழுத்தை நீட்டிப் பழத்தை எடுத்துக்கொண்டு அப்பாற் செல்கின்றது. பின்னொருநாள் நெஞ்சுயரத்தில் அசையாது நிற்கும் விரலை அலகாற் பற்றி, நெரிக்காது அழுத்திப் பார்க்கின்றது, புதிய கிளை தாங்குமோவென்று சோதிப்பதுபோல. பிறகு ஒரு காலைத் தூக்குகின்றது. தூக்கிய காலைச் சற்றுநேரம் அந்தரத்தில் வைத்திருந்து, மீண்டும் கொம்பிலேயே ஊன்றிக்கொள்கின்றது. கை பழத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்புகின்றது.